கூரை இல்லாத எழுத்து

எங்கள் மலையடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் மிளகுச் சூப் கடை வைத்திருப்பவன் ஜிங் சோங்கென். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, ஆட்டெலும்புச் சாற்றில் கோதுமைப் பசையும் சேமியாவும் மிளகுத்தூளும் போட்டுக் கிண்டி, சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போகிற கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுப்பான். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணம் கழுவுவாள். காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்தால் கடையும் முடிந்தது. ஆள் பேசமாட்டான். “உக்காரு”, “இன்னும் வேணுமா”, “பாத்து, சூடு” ஆகிய மூன்றையும் தாண்டி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பேருந்து வந்துவிடும். நான் அவனுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் சொன்னவள். அப்போதும் இதே கதைதான். கல்லுக்குப் பாடம் எடுத்திருந்தால்கூட நடுவில் ஒரு தடவையாவது உருண்டிருக்கும்.

அவனுக்கு இரண்டு பெயர். வாயால் கூப்பிடுகிற பெயர் சோங்கென். தாளில் இருக்கிற பெயர் ஸுய்கென். அவனாக வைத்துக்கொண்டதல்ல, ஓர் எழுத்து செய்த வேலை. சோங் என்கிற எழுத்து இப்படி இருக்கும்: 崇. ஸுய் இப்படி: 祟. கண்ணாடி போடாமல் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்று சாமி, இன்னொன்று பூதம்.

சோங்கில் மேலே மலை, நடுவில் கூரை, கூரைக்குக் கீழே படையல் பீடம். முன்னோருக்குப் படைக்கிற வீட்டின் தலைமேல் மலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் உயரம், மேன்மை, கையெடுத்துக் கும்பிடத் தக்கது என்று பொருள். ஸுய்யில் அந்தக் கூரை கிடையாது. பார்த்தால் மலைமேல் மலை அடுக்கியதுபோல் இருக்கும். உண்மையில் அது குழியிலிருந்து வெளியே எடுத்து வைக்கிற கால். பீடத்தை விட்டு எதுவோ கிளம்பி வருகிறது. அப்படிக் கிளம்பி வருவது நல்லதுக்கா வரும்? காத்துக் கருப்பு, பீடை, பிடித்து ஆட்டுவது எல்லாம் அந்த எழுத்துக்குள் அடக்கம். கென் என்றால் வேர். ஆக வாய்க்கு அவன் மேன்மையின் வேர், தாளுக்குப் பீடையின் வேர்.

மூன்றாம் வகுப்பில் முதல் நாள் வருகைப் பதிவைப் பார்த்து “ஜிங் ஸுய்கென்!” என்று நான் படித்தபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பள்ளிக்கூடம் முடியும்வரை அவனுக்கு “பீடை” என்பதே பெயராகிவிட்டது. நான் அவனைக் கூப்பிட்டுப் பலகையில் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டி, “இங்க ஒரு கூரை போடுடா, சரியாப் போயிடும்” என்றேன். தலையாட்டினான். அடுத்த நாளும் கூரை போடவில்லை. அதற்கடுத்த வாரமும் போடவில்லை. மற்ற எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி எழுதுவான், சொந்தப் பேரை மட்டும் தப்பாக எழுதுவான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்டால் தரையைப் பார்ப்பான்.

பிற்பாடு அடையாள அட்டை வந்தபோதும் ஸுய் அப்படியே அட்டையில் ஏறிவிட்டது. அட்டை கொடுக்கிற காவல் நிலையத்தில் மாற்றச் சொல்லிக் கேட்கட்டுமா என்று அவன் மனைவி கேட்டாளாம். “சூப்பு ருசி மாறவா போகுது” என்று சொல்லிவிட்டானாம். அவனைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட சொற்பொழிவு.

சோங் என்பது சும்மா அழகுக்கு வைத்த எழுத்தும் இல்லை. ஜிங் வம்சத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து உண்டு. அந்தத் தலைமுறையில் பிறக்கிற ஆண்பிள்ளைகள் எல்லோர் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்கும். இவன் தலைமுறைக்குச் சோங். ஆனால் இவன் ஜிங் வீட்டில் பிறந்தவனல்ல. பெற்ற தகப்பன் பஞ்சத்தில் போய்ச் சேர்ந்துவிட, அம்மா இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்து ஜிங் சுன்ஹுவாயைக் கட்டிக்கொண்டாள். சுன்ஹுவாய் கிணறு தோண்டுகிறவர், பிள்ளை குட்டி கிடையாது, அதன் பிறகும் பிறக்கவில்லை. வந்தவளின் பிள்ளைக்குத் தன் வம்சத்து எழுத்தைக் கொடுத்தார். அவருடைய தம்பி, பிறந்த வரிசையை வைத்து ஊரில் எல்லோரும் மூணாவது என்று கூப்பிடுகிற மூன்றாமவர், அன்றைக்கே குதித்தார் என்று கேள்வி. அண்ணன் கேட்கவில்லை.

அந்த அம்மா எப்போதோ இறந்துவிட்டாள். கடைசியில் சுன்ஹுவாயும் ஒரு குளிர்காலத்து மத்தியானம், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார். எண்பதைத் தாண்டிய சாவு. அழுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று ஊர் நினைத்தது.

ஊரில் சாவு விழுந்தால் தூரிகை பிடிக்கக் கூப்பிடுகிற ஆள் நான்தான். வாசலில் துக்கப் பலகை வைக்க வேண்டும். அதில் இறந்தவர் பெயரும், கீழே மகன், மருமகள், பேரன் பேத்தி என்று வரிசையும் எழுத வேண்டும். கூப்பிட வந்தவன் சோங்கென். வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு என் வாசலில் மண்டியிட்டு வணங்கினான். எழுந்தவன் போகவில்லை. நின்றான்.

“என்னடா?”

“டீச்சர், எனக்கு அந்த வீடு வேணாம். நிலம் வேணாம். மூணாவது சித்தப்பா எதை வேணா எடுத்துக்கட்டும். சட்டிய மட்டும் நான்தான் உடைக்கணும்.”

அது அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம். எனக்குத் தெரிந்து யாரிடமும் அவன் எதையும் கேட்டதில்லை.

சவப்பெட்டிக்கு முன்னால் காகிதப் பணம் எரிக்கிற மண்சட்டி ஒன்று இருக்கும். பெட்டி தூக்குகிற நேரத்தில் அதை முச்சந்தியில் ஒரு செங்கல்மேல் போட்டு உடைக்க வேண்டும். ஒரே அடி. அந்தச் சத்தம் கேட்டால்தான் பெட்டி தோளுக்கு ஏறும். உடைக்கிறவன் மகன். மகன் இல்லாவிட்டால் தம்பி மகன். எவன் உடைக்கிறானோ அவன்தான் இந்த வீட்டுப் பிள்ளை என்று அன்றோடு தீர்ந்தது. நூறு பத்திரம் எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

மறுநாள் காலை நான் போனபோது முற்றம் நிறைய ஆட்கள். பெரிய அடுப்பில் முட்டைக்கோசும் தோஃபுவும் பன்றிக்கறியும் வெந்துகொண்டிருந்தன. நாயனக்காரர்கள் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவுக் காரியம் நடத்துகிற லுவான் எனக்கு மேசை போட்டுக் கொடுத்தான். சத்தம் போட்டே தொண்டை கட்டிப்போன மனிதன் அவன்.

“டீச்சர், மை ரெடியா?”

“ரெடி. பேரை ஒழுங்கா வரிசையாச் சொல்லு. மாத்தி மாத்திச் சொன்னீங்கன்னா தூரிகையத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

“கோவப்படாதீங்க டீச்சர். மகன், சோங்கென்...”

“நிறுத்து, நிறுத்து!” மூன்றாமவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். “யாரு மகன்? எங்க அண்ணனுக்கு மகன் ஏது? சட்டி உடைக்கப் போறது என் மூத்தவன் சோங்தெ. அவன் பேரை எழுதுங்க.”

“மூணாவதுண்ணே, இத்தனை வருஷம் வளர்த்த பையன் இருக்கான்” என்றான் லுவான்.

“வளர்த்தா? நாய்க்குட்டிகூடத்தான் வளர்த்தாரு. சோங் வரிசைல எங்க வம்சத்துல யார் யாருன்னு எனக்குத் தெரியாதா? இவன் அதுல இல்ல. சந்தேகமா இருந்தா இவன் அட்டைய வாங்கிப் பாருங்க. ஸுய்! பீடை! நான் சொல்லல, அரசாங்கம் சொல்லுது. பீடை வந்து சட்டி உடைச்சா எங்க அண்ணன் எந்த வழியில போவாரு?”

அடுப்படியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாமவரின் மகன் சோங்தெ, பாவம், லாரி ஓட்டுகிற நல்ல பையன், காதுவரை சிவந்துபோனான்.

“அப்பா, சும்மா இருங்கப்பா. ஊரே பாக்குது.”

“நீ வாய மூடுடா. உனக்காகத்தான் கத்திக்கிட்டிருக்கேன்.”

சோங்கென் பெட்டியின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை. லுவான் இரண்டு பக்கமும் பார்த்தான். மத்தியானம் ஆனால் சாப்பாடு போட வேண்டும், சாயங்காலம் நாயனம் வாசிக்க வேண்டும், இவர்கள் சண்டை ஓய்கிற மாதிரி இல்லை. கடைசியில் கையைத் தூக்கினான்.

“எல்லாரும் கேளுங்க. டீச்சர் படிச்சவங்க. பலகையில அவங்க என்ன எழுதுறாங்களோ அதான் முடிவு. சோங்னு எழுதினா சோங்கென் உடைப்பான். ஸுய்னு எழுதினா சோங்தெ. அதுக்கப்புறம் எவனும் வாய் திறக்கக் கூடாது. சரியா?”

“சரி. ஆனா அட்டைல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும். டீச்சருக்குத் தெரியாததா?” என்றார் மூன்றாமவர். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

என் பொறுமை அதோடு போய்விட்டது. தூரிகையைக் கிண்ணத்தின் மேல் வைத்தேன்.

“மூணாவது, இப்படி வா. உக்காரு. சோங் சோங்னு குதிக்கிறியே, அது என்ன உன் வீட்டுச் சொத்தா? நமக்குப் பின்னாடி நிக்குதே மலை, அதுக்குப் பழைய பேரே அந்த எழுத்துதான். எந்தக் காலத்துலயோ ஒரு சக்கரவர்த்தி இந்த மலை ஏறினான். ‘வாழ்க, வாழ்க’ன்னு மலையே கத்துச்சுன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. அவனுக்கு மனசு குளிர்ந்து போச்சு. அடிவாரத்துக் குடிகளை மலைக்கே எழுதி வெச்சு, இந்த எழுத்தையும் உயரம்ங்கற எழுத்தையும் சேர்த்து அதுக்குப் பேர் வெச்சான். பின்னாடி வந்தவங்க மலைக்கு வேற எழுத்தை மாத்திட்டாங்க. மலைக்கே எழுத்து மாறியிருக்கு. மலை என்ன பட்டா இல்லாம நிக்குதா?”

“அது சரி டீச்சர், அதுக்கும் சட்டிக்கும் என்ன சம்பந்தம்?”

“வர்றேன், இரு. ரொம்பப் பழைய பாட்டுல எதிரி கோட்டைச் சுவர் உயரமா நிக்குதுன்னு சொல்ல இந்த எழுத்து. விடியல்ல தொடங்கின மழை காலைச் சாப்பாடு வரைக்கும் விடாம பெஞ்சுதுன்னு சொல்லவும் இதே எழுத்து. அங்க அதுக்கு உயரம்னு அர்த்தம் இல்ல, முழுசா, முடியிற வரைக்கும்னு அர்த்தம். விடியல்லேருந்து காலைச் சாப்பாடு வரைக்கும் அடுப்பு முன்னாடி நிக்கிறவன் இந்த ஊர்ல யாரு? உன் மகனா? அவன் பத்து மணி வரைக்கும் தூங்குறான்.”

“டீச்சர், நேத்து நைட்டு லோடு...” என்றான் சோங்தெ.

“சும்மா இரு. வெள்ளத்தை மண்ணு போட்டு அடைக்கப் பாத்துத் தோத்தானே ஒருத்தன், அவன் ஆண்ட நாட்டுக்கும் இதே எழுத்துதான் பேரு. தோத்ததுக்கு உயிர எடுத்துட்டாங்க. இன்னொரு ராஜா தன் ஆட்சிக்கே இந்த எழுத்துல பேர் வெச்சான். அரண்மனைக்குப் பின்னாடி மரத்துல தொங்கினான். இந்த எழுத்தால எவனும் பொழைக்கல. ஏடு படியெடுத்த பெரிய பெரிய பண்டிதனே சோங்கை ஸுய்னு எழுதியிருக்கான், ஸுய்யைச் சோங்னு எழுதியிருக்கான். அதைத் திருத்துறதுக்குன்னே இன்னொரு கூட்டம் ஆயுசைக் கழிச்சிருக்கு. எவனோ ஒரு குமாஸ்தா கை தவறினதுக்கு இவனைக் கூரைக்கு வெளிய நிறுத்துவியா நீ?”

எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தூரிகையை எடுத்து மையில் தோய்த்தேன். மலை போட்டு, கூரை போட்டு, சோங் என்று எழுதிவிடுவது என்று கை இறங்கிய நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், இருங்க. குமாஸ்தா தப்பு இல்ல.”

சோங்கென் எழுந்து நின்றிருந்தான். பெட்டிக்குள் இருந்த சுன்ஹுவாயைக் கையால் காட்டினான்.

“சித்தப்பாதான் எழுதினாரு. பேர் பதியிற ஆபீஸ்ல குமாஸ்தா எழுத வந்தப்ப, ‘மத்ததை நீ எழுது, என் பையனோட சோங்கை நான் எழுதுறேன்’னு பேனாவைப் புடுங்கிட்டாரு. அவருக்கு எழுத்து தெரியாது. தன் பேருக்கே பெருவிரல்தான் வெப்பாரு. மலை மேல கோயில் கல்லுல இந்த எழுத்து இருக்குன்னு யாரோ சொன்னாங்கன்னு போய், விரலால தடவித் தடவிப் பாத்துட்டு வந்தாரு. கல்லு தேஞ்சு போயிருந்துதோ, பாசி பிடிச்சிருந்துதோ. மலை, மலை, பீடம்னு வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் அவர் தோள்ல இருந்தேன். ஆபீஸ்ல குமாஸ்தா, ‘இதுவா? நல்லாப் பாருங்க’ன்னான். ‘எங்க மலையோட பேரு, எனக்குத் தெரியாதா’ன்னாரு. அவர் கை வேர்த்து தாளெல்லாம் ஈரம்.”

இவ்வளவு வார்த்தைகளை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நாயனக்காரன் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“மூணாங்கிளாஸ்ல நீங்க கூரை போடச் சொன்னீங்க. வீட்ல போய்ச் சொன்னேன். ‘அய்யோ, கூரை விட்டுப்போச்சா’ன்னு கேட்டாரு. அன்னிக்குச் சாப்பிடல. சுவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. அப்புறம் நான் கூரை போடவே இல்ல. நான் போட்டா அவர் போடலேன்னு ஆயிடும்ல?” கொஞ்சம் நிறுத்தினான். “இன்னிக்கு அவர் படுத்திருக்காரு. அவர் எழுதினதை அவர் முன்னாடியே திருத்த வேணாம் டீச்சர். ஸுய்னே எழுதுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மைக்கிண்ணத்தை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். இவ்வளவு நேரம் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்? ஸுய் என்று எழுதினால் சட்டி போய்விடும் என்று இந்த மடையனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறான். அது அவன் கண்ணிலேயே தெரிந்தது. சட்டி வேண்டும் என்று என் வாசலில் மண்டியிட்டவன், அதே சட்டியை அந்தக் கிழவர் மனசு நோகக் கூடாது என்று விடப் பார்க்கிறான். தூரிகையை மறுபடி மையில் அழுத்தித் தோய்த்தேன். கோபம் பாதி, மீதி என்னவோ.

“பாத்தீங்களா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!” மூன்றாமவர் ஊன்றுகோலைத் தரையில் குத்தினார். “எழுதுங்க டீச்சர், ஸுய்!”

எழுதினேன். மகன் என்ற எழுத்துக்கு நேர் கீழே, மலைமேல் மலை, அதன் கீழ் பீடம், பக்கத்தில் வேர். நன்றாகவே வந்திருந்தது. லுவான் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். மறுபடி பார்த்தான்.

“மூணாவதுண்ணே, ஒரு சிக்கல். ஸுய்னா சோங்தெ உடைப்பான்னு நான்தான் சொன்னேன். பலகையில எழுதினதுதான் முடிவுன்னும் நான்தான் சொன்னேன். டீச்சர் ஸுய்கென்னை ‘மகன்’ங்கறதுக்குக் கீழல்ல எழுதியிருக்காங்க? மகன் இருக்கும்போது தம்பி மகன் எப்படிச் சட்டி உடைப்பான்?”

“டேய், ஏமாத்துறீங்களா?”

“ஏமாத்தறதுக்கு என்ன இருக்கு?” என்றேன். “உன் அண்ணன் ஆயுசுல எழுதினது ஒரே ஒரு எழுத்து. அதை யாருக்கு எழுதினாரு? உன் மகனுக்கா? சோங்தெ பேரை எழுதினது யாரு, அதே குமாஸ்தாதானே?”

கூட்டம் முணுமுணுத்தது. சமையல்காரி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “இதுக்கு மேல என்னய்யா வேணும்?” என்றாள். மூன்றாமவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தோற்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். வேறு பிடி கிடைத்துவிட்டது.

“சரி. உடைக்கட்டும். ஆனா முறைப்படி உடைக்கணும். சட்டியத் தூக்கி ‘அப்பா, வழி பாத்துப் போங்க’ன்னு மகன் ஊர் கேக்கக் கத்தணும். அதானே முறை? இப்பக்கூட என்ன சொன்னான் கேட்டீங்கள்ல, சித்தப்பா! இடுப்புல வந்த நாள்லேருந்து சித்தப்பாதான். ஒரு நாள், ஒரு நாளாவது எங்க அண்ணனை அப்பான்னு கூப்பிட்டிருப்பானா? நாளைக்கு அவன் வாயில அப்பா வரலேன்னா, சட்டி சோங்தெ கைக்கு வந்தாகணும். லுவான், நீயே சொல்லு, நியாயமா இல்லையா?”

லுவானால் மறுக்க முடியவில்லை. முறை அதுதான். சோங்கென் தலையாட்டினான்.

மூன்றாமவர் சொன்னது பொய்யில்லை. அம்மா இவனைக் கூட்டிவந்த அன்று, இனி இவரை அப்பா என்று கூப்பிடு என்றாளாம். சுன்ஹுவாய்தான் வேண்டாம் என்றாராம். “அந்த வார்த்தை செத்துப்போனவனோடது. அவனுக்குன்னு வேற என்ன மிச்சம் இருக்கு? எனக்குச் சித்தப்பா போதும்.” அதோடு விஷயம் முடிந்தது. சித்தப்பா என்று கூப்பிட்டே அவனும் வளர்ந்து, கல்யாணம் செய்து, பேத்தி பார்த்துவிட்டான். ஊருக்கும் அது பழகிவிட்டது.

சாப்பாடு முடிந்து நான் கிளம்பும்போது சோங்கென் கொல்லைப்புறத்துப் பெர்சிமன் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை.

“என்னடா பண்றே?”

“சொல்லிப் பாக்குறேன் டீச்சர். வர மாட்டேங்குது.”

“ஒரே ஒரு வார்த்தைடா. குழந்தைகூடச் சொல்லும்.”

“யார்கிட்டயும் சொன்னதே இல்லையே. பெத்தவரு முகம்கூட ஞாபகம் இல்ல. நாக்குக்கு வழி தெரியல.” கையைப் பிசைந்துகொண்டான். “ஆனா சொல்லிடுவேன். எப்படியாவது சொல்லிடுவேன். இல்லேன்னா சட்டிய எடுத்துக்குவாங்க.”

நான் என்ன சொல்வது? தைரியம் சொல்லத் தெரிந்த ஆள் நானில்லை. மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல பனி. முச்சந்தியில் பெட்டியை மரக்கட்டைகள்மேல் வைத்திருந்தார்கள். தூக்குகிறவர்கள் தோளுக்குத் துணி மடித்துப் போட்டுக்கொண்டு குனிந்து தயாராக இருந்தார்கள். நடுவில் செங்கல். நாயனம் நின்றது. லுவான் கட்டைத் தொண்டையில், “மகன் சட்டி எடுக்கலாம்!” என்றான்.

சோங்கென் சாம்பலோடு சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். மூன்றாமவர் அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் வந்து நின்றுகொண்டார். சோங்தெயைச் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்தது. சோங்கென் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. நானே என் வாய்க்குள் “சொல்லுடா, சொல்லித் தொலைடா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபடி திறந்தான். பிறகு, மலையில் மோதித் திரும்புகிற மாதிரி ஒரு கத்தல்.

“சித்தப்பா! வழி பாத்துப் போங்க!”

மூன்றாமவரின் கை நீண்டது. “அவ்வளவுதான். குடு இங்க.”

சோங்கென் அவரைத் திரும்பிப் பார்த்தான். எதற்குக் கை நீட்டுகிறார் என்றே அவனுக்குப் புரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வழிய, சட்டியை ஓங்கிச் செங்கல்மேல் போட்டான். தூள் தூளாகப் போயிற்று. சத்தம் கேட்டதும் தூக்குகிறவர்கள் வழக்கப்படி ஒரே மூச்சில் எழுந்தார்கள். பெட்டி தோளுக்கு ஏறிவிட்டது. ஏறின பெட்டியைக் குழி வரும்வரை கீழே வைக்க எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. நாயனம் மறுபடி பிடித்துக்கொண்டது.

மூன்றாமவர் நீட்டிய கையோடு நின்றார். “அவன் என்ன சொன்னான்? கேட்டீங்கள்ல? டேய் சோங்தெ, என்ன சொன்னான் அவன்?”

சோங்தெ அப்பாவைப் பார்த்தான். முன்னால் போகிற பெட்டியைப் பார்த்தான்.

“அப்பான்னு சொன்னான்பா.”

“என்னது?”

“அப்பான்னுதான் சொன்னான். எனக்குக் கேட்டுது.”

“எனக்கும் அதான் கேட்டுது” என்றான் லுவான், காகிதப் பணத்தை அள்ளி வீசிக்கொண்டே.

மூன்றாமவர் கடைசியாக என்னிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த அண்ணன். “டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க தப்பைச் சரின்னு சொல்ல மாட்டீங்க.”

“அப்பான்னுதான் சொன்னான், மூணாவது. நட, குழிக்கு நேரமாச்சு.”

முன்னால், வெள்ளைத் துணி தரையில் புரள, சோங்கென் பெட்டிக்குப் பாதை சொல்லிக்கொண்டு போனான். “சித்தப்பா, பாத்து, இங்க பள்ளம். சித்தப்பா, வாய்க்கால். சித்தப்பா, திரும்பணும்.” கோதுமைக் காடு வரைக்கும் அது எங்கள் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.